இருபது அடிக்கு ஒரு மௌனம்

ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் அதன் சத்தம்தான் உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் அந்தச் சத்தம் தொடர்ச்சியானது அல்ல. பூமிக்குள் இறங்கும் இரும்புக் குழாய் ஒவ்வொன்றும் இருபது அடி நீளம். ராடு என்பார்கள். ஒரு ராடு முழுவதும் இறங்கியதும் காற்றை அடைத்து, அடியில் பாறையை இடிக்கும் சுத்தியலை நிறுத்தி, மேலே அடுத்த ராடைத் திருகுவார்கள். அதற்கு ஒன்றரை நிமிடம் ஆகும். அந்த ஒன்றரை நிமிடம் மட்டும் பக்கத்து வேலியில் குருவி கத்துவதுகூடக் கேட்கும்.

என் நிறுவனம் பிழைத்து நின்றது அந்த ஒன்றரை நிமிடத்தால்தான். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து வருடம் ஆனது.

மூலனூருக்குத் தெற்கே, முருங்கையும் வேலமரமும் தவிர வேறொன்றும் உயரமாக வளராத ஒரு மானாவாரிக் காட்டில் அன்று காலை பதினொரு மணிக்கு நின்றுகொண்டிருந்தேன். வண்டிக் கம்பத்தில் எங்கள் ஒலிவாங்கியைப் புதிதாக மாற்ற வேண்டியிருந்தது. வெளியாள் ஒருவரை அனுப்பியிருக்கலாம். அலுவலகத்தில் நானும் கணினிகளும் மட்டும் இருந்ததால், இப்படி ஒரு சாக்குக் கிடைத்தால் நானே கிளம்பிவிடுவேன்.

முப்பதாவது ராடு இறங்கியதும் என் கைபேசியில் எண் வந்தது. நான்கு.

"அறுநூறு அடி. நாலு பர்சென்ட்டு" என்றார் அர்த்தநாரி. அவர்தான் வண்டியை ஓட்டும் டிரில்லர். திருச்செங்கோட்டுக்காரர், நாற்பது வயது, காது சற்று மந்தம். "மேடம், உங்க பொட்டி இன்னைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்குது."

நிலத்தின் சொந்தக்காரி தங்கமணி அக்கா வேலியோரம் தனியாக நின்றிருந்தார். எண் என்ன என்று அவர் கேட்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

அந்த எண்ணுக்கு என்ன அதிகாரம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் இல்லாத துளைகளால் பூமி சல்லடையாகிப்போனதால் துளைச் சட்டம் வந்தது. ஒரு நிலத்தில் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு துளைதான் போடலாம். தோண்டும்போது, இன்னும் கீழே தண்ணீர் கிடைக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று அங்கீகாரம் பெற்ற கருவி ஒன்று ராடுக்கு ராடு சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று ராடு ஐந்துக்குக் கீழே போனால் வண்டி நிற்க வேண்டும். துளையை சிமெண்ட் கொட்டி மூடுவார்கள். நிலம் 'வறண்டது' என்று பதிவாகும். அடுத்த பன்னிரண்டு வருடம் அங்கே மழைதான் தண்ணீர். சட்டம் வந்த நாளில் தயாராக இருந்த கருவி ஒன்றே ஒன்று. அது எங்களுடைய 'ஊற்று'.

முப்பத்தொன்றாவது ராடு. மூன்று.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. அது இறங்கிக்கொண்டிருக்கும்போது தங்கமணி அக்கா தூக்குப்போணியில் டீ கொண்டுவந்தார். சத்தம் நின்றது. அர்த்தநாரியின் ஆட்கள் மூன்று பேரும் ராடைத் தூக்கினார்கள்.

"ஏன் அம்மிணி, இந்தப் பொட்டி எப்படித்தான் கண்டுபுடிக்குது?" என்று அக்கா கேட்டார். பதிலை விட, அந்த நேரத்தில் ஒரு பேச்சு அவருக்கு வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்கு வாய் நிற்காது. "ஒரு பானைய வாங்கறப்ப தட்டிப் பாப்பீங்கல்ல அக்கா? நல்ல பானை கணீர்னு சொல்லும், கீறல் விட்டது பொத்துனு சொல்லும். பாறையும் அப்படித்தான். முழுப் பாறைல சுத்தியல் கணீர்னு அடிக்கும். வெடிப்பு இருந்தா சத்தம் மாறும். வெடிப்புலதான் தண்ணி நிக்கும். ஆயிரக்கணக்கான போர் சத்தத்தக் கேட்டுக் கேட்டு இது பழகியிருக்குது."

"அப்ப பானை வாங்கப் போனா இதயே கூட்டீட்டுப் போலாமுங்களா மேடம்?" என்றார் அர்த்தநாரி.

"உங்க காதுக்கு இதக் கட்டிவிட்டாலும் பிரயோசனப்படும்ண்ணா."

அக்கா சிரித்தார். ஆட்களும் சிரித்தார்கள். ராடு திருகி முடிந்தது.

கைபேசியில் எண் வந்தது. இருபத்தேழு.

அர்த்தநாரி தலைத்துண்டை அவிழ்த்து வீசினார். தங்கமணி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது, துளையின் வாயைப் பார்க்கும் வரை. அங்கிருந்து பறந்து வந்த பாறைத்தூள் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக, காய்ந்து கிடந்தது. ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். முந்தைய ராடின் தூளுக்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை. சுத்தியலின் ஓசையும் மாறவில்லை. அப்படியானால் கருவி எதைக் கேட்டு மனம் மாறியது?

அப்போதுதான் நவநீதன் ஞாபகத்துக்கு வந்தான்.

நானும் அவனும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். திருச்செங்கோட்டில், ரிக் வண்டிக்கு உதிரிபாகம் விற்கும் கடையின் மாடியில் இரண்டு மேசை போட்டு ஆரம்பித்தோம். பாறைச் சத்தத்தைக் கேட்கும் கருவிக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ராடின் கழுத்தில் ஒரு இரும்பு வளையம் மாட்டி அதிர்வை மட்டும் அளப்பது. அதற்கு வளையம் செய்து, வண்டி வண்டியாக ஏறி, இரண்டு வருடம் அளவு சேகரிக்க வேண்டும். இன்னொரு வழி எங்கள் ஊரிலேயே சும்மா கிடந்தது. எத்தனை ராடு இறங்கியது என்று வண்டிக்காரருக்கும் நிலத்துக்காரருக்கும் தகராறு வராமல் இருக்க, ஒவ்வொரு போரையும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கைபேசியில் படம் எடுத்து வைப்பது எங்கள் ஊர் வண்டிகளின் வழக்கம். ஆயிரத்துத் தொள்ளாயிரம் வீடியோக்கள். எந்த ஆழத்தில் தண்ணீர் வந்தது என்பதும் அதிலேயே இருந்தது. கணினிக்கு அப்படியே ஊட்டினால் ஆறு வாரத்தில் கருவி தயார்.

"அந்த வீடியோவுல கல்லு பேசறத விட மனுசங்கதான் அதிகமாப் பேசறாங்க" என்றான் நவநீதன்.

"பேசிட்டுப் போகட்டும். எது வேணுமோ அத மெஷினே எடுத்துக்கும், வேண்டாதத விட்ரும். அதுக்குத்தான அந்த டெக்னிக்கே."

"எத எடுத்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. சரியாச் சொல்லுதான்னு மட்டும்தான் பாக்க முடியும்."

"வளையம் போட்டா, ஏன் இந்த நம்பர் வந்துச்சுன்னு காரணத்தைக் கேக்கலாம் பிரதீபா. இது காரணமே சொல்லாது."

"ரெண்டு வருசம் கழிச்சுக் காரணம் சொல்றதுக்குக் கம்பெனி இருக்கோணுமல்ல?"

ராடு மாற்றும் நேரத்தையாவது வெட்டி எடுத்துவிடலாம் என்றான். ஆயிரத்துத் தொள்ளாயிரம் வீடியோவை உட்கார்ந்து வெட்ட மூன்று மாதம் ஆகும் என்று அதையும் மறுத்தேன். ஒரு நூறு வீடியோவை ஒதுக்கி வைத்துச் சோதித்தோம். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு சரி. சட்டம் வந்தது. நாங்கள் ஜெயித்தோம். நவநீதன் அடுத்த மாதமே ஓசூரில் வேலை தேடிக்கொண்டு போனான். சண்டை எதுவும் இல்லை. மேசையைத் துடைத்து, சாவியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். அதன்பின் நாங்கள் பேசவில்லை.

முப்பத்துமூன்றாவது ராடு. நல்ல எண் வந்த பரபரப்பில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒருவரும் பேசவில்லை. நான்கு.

"அண்ணா, அடுத்த ராடு மாத்தறப்ப எல்லாரும் கம்பத்துக்குக் கீழ வந்து நில்லுங்க. பேசுங்க."

"என்னத்தப் பேசறது மேடம்?"

"எதையாவது. சத்தமா."

"நேத்து இவன் வெச்ச சாம்பாரப் பத்திப் பேசட்டுங்களா? அதுலயும் தண்ணிதான்."

பேசினார்கள். சாம்பாரில் ஆரம்பித்து, வைத்தவனின் மாமனார் வீடு வரை போய் வந்தார்கள். அக்காவும் நானும் நடுவில் புகுந்து குரல் கொடுத்தோம். எண் வந்தது. எழுபத்தொன்று. துளையைச் சுற்றி வெள்ளைத்தூள் அப்படியே காய்ந்து கிடந்தது.

நான் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு போர் போடும்போது ஊரில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பங்காளிகள், அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்து நிற்பார்கள். ராடை வாய்விட்டு எண்ணுவார்கள். தண்ணீர் வருவதற்கு ஒரு ராடு முன்பே தூளில் லேசாகக் குளுமை தட்டும். யாராவது அள்ளிப் பார்த்து "ஈரம்" என்பார். கூட்டம் சலசலக்கும். தண்ணீர் வராது என்று தோன்றினால் ஒவ்வொருவராக வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். கடைசி ராடுகளில் மௌனம்தான். இதையெல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் முறை கேட்ட இயந்திரம் மிகச் சுலபமான பாடத்தைக் கற்றுக்கொண்டது. மனிதர்கள் இருந்தால் தண்ணீர் இருக்கிறது. இல்லையென்றால் இல்லை. பாறையை அது ஒருநாளும் கேட்கவே இல்லை.

"அக்கா, உங்க சொந்தக்காரங்க யாரும் வரலீங்களா?"

"வரமாட்டாங்க கண்ணு. அப்பன் பூமில எனக்கும் பங்கு வேணும்னு கோர்ட்டுக்குப் போனவ நானு. தம்பிமாரு ரெண்டு பேரும் அந்த வேலிக்கு அந்தப் பக்கந்தான் இருக்கறாங்க. ஏழு வருசமாச்சு, வேலிக்கு மேல ஒரு வார்த்தை வரல. அவங்க பேசாட்டி ஊரும் பேசாது."

"வீட்டுல?"

"வூட்டுல ஆரு? நானும் மூணு ஆடும்."

கைபேசியில் எங்கள் பதிவுகளைத் திறந்தேன். இதுவரை 'ஊற்று' நிறுத்திய துளைகள் நானூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் ராடு மாற்றும் நேரத்தில் எத்தனை குரல்கள் கேட்கின்றன என்று அலுவலகக் கணினியை எண்ணச் சொன்னேன். விடை வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முந்நூற்று எண்பத்தாறு துளைகளில் வண்டி ஆட்களைத் தவிர ஒரே ஒரு குரல். அல்லது அதுவும் இல்லை. கணவனை இழந்தவர்கள், ஊரோடு ஒத்துப்போகாதவர்கள், பிள்ளைகள் வெளியூரில் இருப்பவர்கள். தனியாக நின்றவர்களின் பட்டியலை ஐந்து வருடமாக நான் தயாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இது ஏன் முன்பே தெரியவில்லை? கருவி நிறுத்தச் சொன்ன துளையை அதற்குக் கீழே யாரும் தோண்டுவதில்லையே. சிமெண்ட் கொட்டியதும் 'வறண்டது, சரியான கணிப்பு' என்று எங்கள் கணக்கில் ஏறிவிடும். ஒவ்வொரு தவறும் தன்னைத்தானே சரி என்று எழுதிக்கொண்டது.

அர்த்தநாரியிடம் சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப இந்தப் பொட்டிய இப்பவே நிறுத்தச் சொல்லி மேல எழுதிப் போடுவீங்களா?"

"போடணும். ஆனா கருவி இல்லாம பாதில நிக்கிற துளைய மூடணும்னு சட்டம். இதையும் மூடீருவாங்க."

"போடலீன்னா?"

"இந்த நேரம் வேற எங்கயாவது ஒருத்தர் தனியா நின்னுட்டு இருப்பாரு. அவருத மூடீருவாங்க."

அவர் தங்கமணி அக்காவைப் பார்த்தார். "இன்னும் ஆறேழு ராடு வண்டில இருக்குது மேடம். ஒன்றரை மணி நேரம். அதுக்கு மேல எங்கிட்ட ராடு இல்ல. அதுவரைக்கும் நாம பேசலாம். பேசினா ஓடுமல்ல?"

எது சரி என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. நான் தலையாட்டினேன்.

அதன்பின் இருபது அடிக்கு ஒருமுறை நாங்கள் அறுவரும் கம்பத்துக்குக் கீழே கூடினோம். முதல் இரண்டு ராடுக்கு அர்த்தநாரி தன் கல்யாணத்தில் பந்தல் சரிந்த கதையைச் சொன்னார். பிறகு ஆட்களுக்குப் பேச்சுச் சரக்குத் தீர்ந்தது. தங்கமணி அக்கா ஆரம்பித்தார். ஆடுகளுக்குப் பெயர் வைத்தது. கோர்ட்டுக்குப் போக பஸ்ஸில் தாராபுரம் வரை நின்றுகொண்டே போனது. தீர்ப்பு வந்த நாளில் யாரிடம் சொல்வது என்று தெரியாமல், பஸ் ஸ்டாண்டில் பூக்காரியிடம் சொல்லிவிட்டு வந்தது. சத்தம் ஆரம்பித்ததும் பாதி வாக்கியத்தில் நிறுத்துவார். பத்து நிமிடம் கழித்து சத்தம் நின்றதும் அதே வார்த்தையிலிருந்து தொடர்வார். ஏழு வருடப் பேச்சு அவரிடம் மீதி இருந்தது.

எண்ணூறு அடியைத் தாண்டி நாற்பத்தொன்றாவது ராடு பாதி இறங்கியபோது சுத்தியலின் ஓசை தடுமாறியது. கணீர் என்று அடித்துக்கொண்டிருந்தது பொத்தென்று விழுந்தது. அர்த்தநாரி லீவரில் கையை வைத்தபடியே நிமிர்ந்தார். வெள்ளைத்தூள் சாம்பல் நிறமானது. சாம்பல் சேறானது. அப்புறம் ஆளுயரத்துக்குத் தண்ணீர் எழுந்தது.

சத்தத்தை நிறுத்தினார்கள். ஒருவரும் பேசவில்லை. தண்ணீர் மட்டும் துளையின் வாயிலிருந்து வழிந்து முருங்கைப் பாத்தி பக்கம் ஓடியது. அக்கா கம்பத்தை விட்டு எட்டத்தில், நனைந்துபோய் நின்றார்.

"கத்துங்க்கா" என்றேன். "எல்லாரும் குலவையாவது போடுவாங்க."

"நாலு பேரு இருந்தாக் கத்தலாம் அம்மிணி. ஒருத்தியாக் கத்தினா பைத்தியம்பாங்க."

கைபேசி அதிர்ந்தது. அந்த ராடுக்கான எண். மூன்று.

வண்டியைக் கழுவி மடக்குவதற்குள், வேலமர நிழலில் உட்கார்ந்து துளை ஆணையத்துக்கு எழுதினேன். கருவியைத் திரும்பப் பெறுகிறோம், கணிப்புகளை நம்ப வேண்டாம், மூடிய துளைகளை மறுபடி திறக்க அனுமதி கொடுங்கள். காரணத்தையும் எழுதினேன். அனுப்பியதும் நிறுவனம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அதன் நகலை நவநீதனுக்கும் அனுப்பினேன். "பார்த்தேன்" என்று ஒரு வார்த்தை வந்தது. அதற்குமேல் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த அந்த ஒன்றரை மணி நேரத்தில் அரவக்குறிச்சிப் பக்கம் ஒரு துளை மூடப்பட்டிருந்தது. முதலில் அந்த நிலத்துக்காரரைத்தான் அழைத்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் திட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு வார்த்தையும் நியாயமானது. முழுவதையும் கேட்டேன்.

பட்டியலில் அடுத்து, ஒட்டன்சத்திரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் ராக்கியப்பன். அவருடைய துளை மூன்று வருடத்துக்கு முன் ஐந்நூற்று அறுபது அடியில் நிறுத்தப்பட்டது. மணி வெகுநேரம் அடித்தபின் எடுத்தார்.

"ஐயா, ஊற்று கம்பெனியிலிருந்து பேசறேன். உங்க நிலத்துல தண்ணி இல்லன்னு நாங்க சொன்னது தப்பா இருக்கலாம்."

"தெரியுமுங்" என்றார்.

"எப்படிங்கய்யா?"

"பக்கத்துக் காட்டுக்காரரு அடுத்த மாசமே போட்டாரு. நாப்பது அடிதான் தள்ளி. அறுநூத்துல தண்ணி வந்துருச்சு. அவருக்குச் சனம் ஜாஸ்தி, ஊரே நின்னுச்சு. அப்பவே உங்க கம்பெனிக்குப் போன் போட்டுச் சொன்னனுங். மூணு தடவை."

வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்க நாங்கள் ஆள் வைக்கவில்லை. அதற்கும் ஒரு இயந்திரம்தான். ஆரம்பத்தில் நான் எடுத்த முடிவுகளில் அதுவும் ஒன்று. வேகமானது, தூங்காது, கோபப்படாது.

"யார் எடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"ஒரு புள்ள எடுத்துச்சு. மனுசி இல்லேன்னு எனக்குத் தெரியுமுங்க. ஆனாலும் என்ற சம்சாரம் போனது, பையன் வராதது, எல்லாத்தையும் அதுகிட்டச் சொன்னேன். நெம்ப மரியாதையாக் கேட்டுச்சு."

அவர் பெயருக்கு எதிரே 'மூன்று தடவை' என்று குறித்துக்கொண்டேன்.

"நீங்க மனுசிதானுங்களே?" என்றார்.